கம்பமெட்டு இறக்கமும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

கம்பம் பக்கம் போகத் திட்டமிடுபவர்கள் என்னிடம் திராட்சைத் தோட்டத்தையும் சுருளி அருவியையும் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கோ அந்த ஊர்ப் பேரைக் கேட்டதும் ஒரு ஜீப்தான் ஞாபகத்துக்கு வரும். 1982 ஜனவரி. திருச்சியில் வேலையில் இருந்தேன். பொங்கலை ஒட்டி நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைக்க, தேக்கடியில் யானை பார்க்கலாம் என்று கிளம்பினேன். யானையைப் பார்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தேனியிலிருந்து கம்பம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மலைக்கு மேலே கம்பமெட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த ஒரு சிநேகிதரைப் பார்த்துவிட்டு, மறுநாள் குமுளி வழியாகத் தேக்கடி போவதாக ஏற்பாடு. கம்பத்திலிருந்து காலையில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும், சாயங்காலம் இறங்கும். மூன்று ரூபாய் கொடுத்தால் நம்மையும் நடுவில் செருகிக்கொள்வார்கள். கால் மரத்துப்போகும், அதற்குத் தயாராக இருங்கள்.

சாயங்காலம் இறங்கும்போது நான் ஏறிய ஜீப்பை ஓட்டியவர் மொக்கராசு. முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். வண்டி போடி முதலாளி ஒருவருடையது. பாதி இறக்கத்தில் ஒரு வளைவுக்கு முன்னால், “எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கங்க” என்றார். ஏன் என்று யாரும் கேட்பதற்குள் வண்டியை மலைப் பக்கமாகத் திருப்பி மண்மேட்டில் முட்டி நிறுத்திவிட்டார். மறுபக்கம் திருப்பியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். தோட்ட வேலைக்குப் போய் வந்த ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. “பெடலு தரையோட போயிருச்சு சார், பிரேக்கே இல்ல” என்று மொக்கராசு என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அடிபட்டவர் இருந்ததால் போலீஸ் கேஸ் ஆனது. ஏட்டு வந்து பேரெல்லாம் எழுதிக்கொண்டார். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பார், அதுவரை சாட்சியாகிய நான் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார். ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து, கம்பத்தில் அந்தோணி என்பவரின் மெக்கானிக் ஷெட்டில் விட்டார்கள். ராயப்பன்பட்டிக்காரர், மொக்கராசுவுக்கு உயிர்ச் சிநேகிதர்.

காலையில் போய்ப் பார்த்தால் ஷெட் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. ஜீப்பைக் கழுவி, பானெட்டுக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அந்தோணி வண்டிக்கு அடியிலிருந்து கறுத்த கையோடு வெளியே வந்தார். இப்போது எதற்கு ரிப்பேர் என்று கேட்டேன்.

“பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாகல்ல சார். புது ரப்பர் மாத்தி, ஆயில் ஊத்தி, ஏர் எடுத்தாச்சு. பிடிக்காட்டி ஃபெயில் பண்ணிருவாக.”

வருஷத்துக்கு ஒரு தடவை, வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்குவதற்காகத்தான் அவர்களுக்கெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டரைத் தெரியும். அவர் வருகிறார் என்றால் வண்டியைச் சரிசெய்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பதினோரு மணி வாக்கில் இன்ஸ்பெக்டர் வந்தார். தானே ஜீப்பை ரோட்டில் ஓட்டி, வேகமெடுத்து, பிரேக் போட்டார். டயர் கிறீச்சிட்டுச் சட்டென்று நின்றது. அந்தோணி என் கையைப் பிடித்துக் குலுக்கி, “பாஸு சார்” என்றார். இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து ஏட்டிடம், “பிரேக் நல்லா இருக்கு. வண்டியில குறை எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட் தர்றேன்” என்றார்.

ஏட்டு மொக்கராசு பக்கம் திரும்பினார். “அப்ப தப்பு உன் மேலதான். கிளம்பு, ஸ்டேஷனுக்குப் போவோம்.”

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பாஸான வண்டிக்கு எதற்கு ஸ்டேஷன்? இன்ஸ்பெக்டர்தான் நிதானமாக விளக்கினார். வண்டி சரியாக இருக்கிறது என்றால் ஓட்டியவர் கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறார் என்றுதான் ஆகும், லைசென்ஸ் போகும், உள்ளே போகவும் வேண்டியிருக்கலாம்.

மொக்கராசு அந்தோணியை ஒரு தடவை பார்த்தார். நான் பேச வாயெடுத்ததும் என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். மனுஷன் பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “சார், இது இன்னைக்குக் காலையில ரிப்பேர் பண்ணின பிரேக்” என்றேன்.

“ஆமா சார், நாந்தேன் பாத்தேன்” என்று அந்தோணி ஓடிப்போய், கழற்றிய பழைய ரப்பர்களை ஒரு டப்பாவோடு கொண்டுவந்து காட்டினார். எல்லாம் கிழிந்து நைந்திருந்தன. இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘பிரேக் பழுதால் நேர்ந்த விபத்து’ என்றுதான் எழுத வேண்டும் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஏட்டு அந்தோணியின் தோளில் கை வைத்தார். “கேஸுல இருக்குற வண்டியத் தொட உனக்கு யாரு சொன்னா? தடயத்தக் கலைச்சது நீதான? நட.”

“நல்லதுக்குத்தான ஏட்டய்யா செஞ்சேன்” என்றார் அந்தோணி. கையைக்கூடத் துடைக்கவிடவில்லை.

மொக்கராசு செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் கிளம்பினார். உங்கள் லைசென்ஸ் தப்பித்துவிட்டதே என்றேன், ஏதோ சொல்ல வேண்டுமே என்று.

“லைசென்ஸ் போனா இன்னைக்கில்லாட்டி என்னைக்காச்சும் வாங்கிக்கிருவேன் சார். எனக்காக விடியக்காலத்துலருந்து கெடந்து பாத்தவன் இவன். இவன் பொண்டாட்டிகிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் பஸ் பிடித்துத் திருச்சிக்குத் திரும்பிவிட்டேன். குமுளிக்குப் போக மனசு வரவில்லை. அந்தோணியை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்களாம். கேஸ் போட்டார்களா, இல்லையா என்று கம்பமெட்டுச் சிநேகிதருக்கும் சரியாகத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்பமெட்டுக்குக் காலையில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். வழியில் விபத்து என்றால் அடிபட்டவர்களை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை வண்டியில் ஒரு திருகைக்கூட யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக டிரைவர் மேல் பிரியமுள்ளவர்களை அண்டவிடாதீர்கள். அதற்கு முன்பே யாராவது தொட்டுவிட்டால் உள்ளதைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு நிற்பதா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்றுவரை தெரியாது.