பதினோரு நிமிடம் பின்தங்கிய அலமாரி

கணினியில் கோளாறு என்று யார் கூப்பிட்டாலும் கணினிப் பிரிவின் 'வினாடி' அக்கா முதலில் கோளாறைப் பார்ப்பதில்லை. திரையின் வலது கீழ்மூலையில் மணி என்ன என்று பார்ப்பார். அது சரியாக இருந்தால்தான் நாற்காலியில் உட்காருவார். பிரிண்டர் ஓடாததற்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று வரவேற்பில் இருப்பவர் ஒருமுறை வாயைக் கொடுத்துவிட்டார். "கால் வலின்னு போனாலும் டாக்டர் நாடி பிடிச்சுப் பாக்கறாருல்ல? அதுமாதிரிதான்" என்றார் அக்கா.

நான்கு மாடி மருத்துவமனை. முந்நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்கள். லினக்ஸில் ஓடும் பரிசோதனைக்கூடம், விண்டோஸை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அலுவலகம், கேமராக்கள், அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுகள். அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருந்தன. நோயாளி உள்ளே நுழைவதற்கு முன்பே அவருக்கு எக்ஸ்ரே எடுத்ததாகப் பதிவாகும். அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டையாகக் கிடந்த இவற்றையெல்லாம் ஒரே சர்வரிடம் நேரம் கேட்க வைக்க எட்டு மாதம் பிடித்தது. அந்த சர்வரும் வெளியே மூன்று இடங்களில் விசாரித்த பிறகே எதையும் நம்பும். "ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா யாரு பொய்னு எப்படித் தெரியும்? மூணாவது ஆள் வேணும்" என்பார்.

முந்தி ஓடும் கடிகாரத்தை அவர் வெடுக்கென்று பின்னால் இழுக்கமாட்டார். இழுத்தால் பதிவான நேரமே மறுபடி பதிவாகிக் குழப்பம் வரும். கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு, தானாக வழிக்கு வரும்வரை காத்திருப்பார். இந்தப் பொறுமையில் கால்வாசியை மனிதர்களிடம் காட்டலாம் என்று அவர் பிரிவில் எல்லோரும் நினைக்கிறார்கள், சொல்லத்தான் ஆளில்லை.

வீட்டில் அவர் பாச்சா பலிக்காது. மகள் பள்ளிப் பேருந்தைத் தவறவிடக் கூடாதென்று கணவர் கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார். மகளோ அந்தப் பத்து நிமிடத்தைக் கழித்துவிட்டுத்தான் படுக்கையை விட்டு எழுகிறாள். "ஊருக்கெல்லாம் நீ டைம் சொல்லு. இந்தச் சுவத்தை மட்டும் எனக்கு விட்டுடு" என்கிறார் கணவர். அக்கா அந்தச் சுவருக்கு முதுகு காட்டிச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

போன மாதம் இரண்டாம் மாடி நர்ஸ் ஒருத்தி மேல் புகார் வந்தது. கடுமையான வலிக்குப் போடும் ஊசிமருந்தை, பூட்டிய மருந்து அலமாரியிலிருந்து அவள் 10.06க்கு எடுத்திருக்கிறாள். டாக்டர் அதைக் கணினியில் எழுதியதோ 10.15க்கு. யாரும் சொல்லாமல் ஏன் எடுத்தாள், யாருக்காக எடுத்தாள்? "டாக்டர் எழுதினதுக்கப்புறம்தான் எடுத்தேன்" என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. இரண்டு நாளில் விசாரணை. வேலை போகும் என்றே பேச்சு.

அக்கா மாடியேறிப் போய் அலமாரியின் சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அலமாரி பதினோரு நிமிடம் பின்தங்கியிருந்தது. அப்படியானால் அந்தப் பெண் மருந்தை எடுத்தது 10.17க்கு. விற்ற கம்பெனிக்காரர்கள் தாங்கள் வராமல் தொடக்கூடாது என்று சொன்னதால், ஒரு வருடத்துக்கு முன், மணி சரிசெய்ய வேண்டிய இயந்திரங்களின் பட்டியலில் அலமாரிக்கு நேரே 'பிறகு' என்று எழுதியது அக்காவேதான். அந்தப் பிறகு வரவே இல்லை.

தப்பான கடிகாரத்தைக் கண்டால் அவருக்குக் கை நமநமக்கும். அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'இதன் மணி தவறு. யாரும் தொட வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டினார். மருந்து எடுக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நோட்டில் குறிக்கும்படி நர்ஸுகளிடம் சொன்னார்.

விஷயம் அவருடைய மேலாளர் காதுக்குப் போனது. "சத்தமில்லாம சரிபண்ணிடுங்கம்மா. நம்ம பிரிவுக்கு எதுக்குக் கெட்ட பேரு?"

"சரிபண்ணிட்டா அந்தப் பொண்ணு பொய்க்காரி ஆயிடுவா சார். இப்போதைக்கு அவளுக்கு இருக்கற ஒரே சாட்சி அந்தத் தப்பு மணிதான்."

"உங்க தலை உருளும்."

"உருளட்டும்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அந்த இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலியில் அந்த நர்ஸ், மடியில் கைக்குட்டையைக் கசக்கியபடி. அக்கா நால்வரையும் அப்படியே இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போய் அலமாரியின் முன் நிறுத்தினார். நால்வரும் திரையைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவர் சந்தேகம் தீராமல் செல்போனை எடுத்துப் பார்த்தார்.

அறைக்கு வந்ததும் தலைமை மருத்துவர் கேட்டார். "சரி, இதைப் பாத்துக்க வேண்டியது யாரோட பொறுப்பு?"

மேலாளர் தரையைப் பார்த்தார். அக்கா தன் பட்டியலை 'பிறகு' என்றிருந்த இடத்தில் பிரித்து மேசைமேல் வைத்தார். பிறகு திரும்பி, அந்த நர்ஸின் தோளைத் தொட்டு, "நீ எந்திரிம்மா" என்றார். அவள் எழுந்ததும் அந்த நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.