ராணி ஏன் தலையாட்டியது?

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று விசாரித்த நண்பர்களுக்கு — வீட்டில் கல்யாணம். ஒரே மகள் சரோஜாவுக்கு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால்...

பெண் அழைப்பன்று கல்யாணப் பெண் வண்டியை விட்டு இறங்கி நடுரோட்டில் நடந்தாள். பட்டுப் புடவையும் பூச்சடையுமாக, நசரத்பேட்டைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் காலி ஜட்காவை இழுத்துக்கொண்டு எங்கள் குதிரை, ராணி.

ஏன் இறங்கினாள்? அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

யுத்தம் வந்த பிறகு பெட்ரோல் யாருக்குக் கிடைக்கிறது? காட்டுப்பாக்கம் வழியாகப் பட்டணம் போகிற பஸ் கரிப்புகையில் இருமிக்கொண்டு வருகிறது — வந்தால். அதனால் போன வருஷம் ஒரு ஜட்காவும் குதிரையும் வாங்கினேன். சாம்பல் கலந்த வெள்ளை. சாது. சரோஜா வெல்லம் கொடுத்துக் கொடுத்து அதைக் கெடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். முதல் நாள் சாயங்காலம் பெண்ணை மேளதாளத்தோடு அழைத்துக்கொள்வார்கள். நசரத்பேட்டையிலிருந்து வில்வண்டி அனுப்புவதாகச் சம்பந்தி சொன்னார். நான் விடுவேனா? "எதுக்குங்க? என் பொண்ணு சொந்த ஜட்காவுல, வெள்ளைக் குதிரை பூட்டி வருவா" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். நாலு பேர் எதிரில் சொன்னது. அங்கேதான் வந்தது வினை.

கல்யாணத்துக்கென்று ராணிக்குப் புது லாடம் அடித்தோம். மறுநாளே முன்னங்கால் ஒன்றை லேசாகத் தாங்கியது. நடக்கும்போது ஒன்றும் தெரியாது. கெட்டி ரோட்டில் ஓடும்போது மட்டும், சீராக வரவேண்டிய குளம்புச் சத்தத்தில் ஒரு இடறல். கூடவே ஒரு தலையாட்டல்.

வண்டி ஓட்டுகிற முனுசாமியைக் கேட்டேன்.

"ஒண்ணியும் இல்ல நைனா. புது லாடம்ல? புதுச் செருப்பு போட்டா நம்ம காலக் கடிக்கல? அத்த மாரிதான். ரெண்டு நாள் ஓடுனா சரியாப்பூடும்" என்றான்.

கேட்க எவ்வளவு இதமாக இருந்தது!

பூந்தமல்லியில் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. பெயர்தான் மாட்டுக்கு, குதிரையையும் பார்ப்பார்கள். ஆள் அனுப்பினால் டாக்டர் சைக்கிளில் வந்துவிடுவார். அனுப்பலாமா என்று கேட்க, "ராணி நொண்..." என்று மனைவியிடம் வாயெடுத்தேன். அவள் பாய்ந்து வந்து வாயைப் பொத்தினாள் — என் வாயை.

"பந்தக்கால் நட்ட ஊடுங்க இது! அந்த வார்த்தைய வாய்ல வெச்சுக்காதீங்க. டாக்டரு ஊட்டாண்ட வந்து நின்னா தெருவே இன்னா இன்னான்னு கேக்கும். சம்பந்தி ஊட்டுக்கு எட்டினா இன்னா நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும்."

பந்தக்கால் நட்டால் எங்கள் வீடுகளில் சில வார்த்தைகளுக்கு 144 தடையுத்தரவு. விளக்கு அணையாது, குளிரும். அரிசி தீராது, நிறைந்துவிடும். ஆகவே ராணியும் நொண்டவில்லை. 'கொஞ்சம் அசைந்து நடந்தது.' ஒரு வாரம் எங்கள் வீட்டில் அத்தனை பேரும் இப்படித்தான் பேசினோம். வார்த்தையை மூடி வைத்தால் வலி போய்விடுமா? குதிரைக்குப் பந்தக்கால் நட்டது தெரியுமா?

கல்யாணத்துக்கு வந்திருந்த என் மைத்துனர் ஒரு படி மேலே போனார். "பாரு மச்சான், உன் குதிரகூட சம்பந்தம் புடிச்சுப்போயி சரி சரின்னு தலையாட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மனைவிமேல் பழியைப் போட்டுவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்று நடந்தது. அது எனக்கும் ராணிக்கும் மட்டும் தெரியும்.

பெண் அழைப்புக்கு முந்தின நாள் காலை கொட்டகைக்குப் போனேன். ராணி அந்தக் காலை முன்னால் நீட்டி, நுனியை மட்டும் தரையில் வைத்துக்கொண்டு நின்றது. குனிந்து குளம்பைத் தொட்டேன். சூடு. மற்ற கால்களையும் தொட்டுப் பார்த்தேன். அவை சில்லென்று இருந்தன. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பி, வாழைமரம் கட்டுவதைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தேன்.

ஜீவகாருண்யத்தைப் பற்றி இதே பக்கத்தில் ஒரு தடவை நான் எழுதியது சிலருக்கு நினைவிருக்கலாம். பாராட்டி எழுதியவர்கள் தயவுசெய்து பாராட்டை வாபஸ் வாங்கிக்கொள்ளவும்.

பெண் அழைப்பன்று ராணியின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. காட்டுப்பாக்கத்திலிருந்து மெதுவாகத்தான் புறப்பட்டோம். பூந்தமல்லி கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நடையிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் தலை மேலே எழும்பி எழும்பி விழுந்தது. முனுசாமி என் பக்கம் திரும்பவேயில்லை. நானும் அவன் பக்கம் திரும்பவில்லை. நசரத்பேட்டை எல்லை வந்தது. தூரத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் சம்பந்தி வீட்டார் கூட்டம், மேளச் சத்தம்.

"அப்பா, ராணி நொண்டுது. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் சரோஜா.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை முதலில் வாய்விட்டுச் சொன்னது கல்யாணப் பெண்தான்.

"இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா..."

"ராணிக்கும் அது கொஞ்ச தூரமாப்பா?"

இறங்கிவிட்டாள். ராணியின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கோயிலைப் பார்த்து நடந்தாள். எனக்கு முகம் எரிந்தது. மேளம் நின்றது. சம்பந்தி எதிரே ஓடிவந்தார். "இன்னா சம்பந்தி இது? பொண்ணு நடந்து வருது?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமில்லையா? "வேண்டுதலுங்க. பிள்ளையாரை நடந்து வந்து கும்பிடறதா என் பொண்ணு வேண்டிக்கிட்டிருக்கா" என்றேன். வாய் கூசவில்லை.

சம்பந்தியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் மறுநாள் காலையில் அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பினேன். டாக்டர் சம்பந்தி வீட்டுக் கொல்லைக்கு வந்தார்.

"எப்போதிலிருந்து?"

"நேற்று சாயங்காலத்திலிருந்து."

லாடத்தைக் கழற்றிக் குளம்பின் அடியைக் கத்தியால் மெல்லச் செதுக்கினார். கறுப்பாகச் சீழ் வழிந்தது. நாற்றம் தாங்கவில்லை. லாட ஆணி ஒன்று உள்சதையை நெருக்கிக்கொண்டு இறங்கியிருந்ததாம். ராணி நடுங்கியது.

"இது நேற்று வந்த சீழ் இல்லையே, சார்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன் — கொட்டகையில் தொட்ட குளம்புச் சூடு உள்பட. தலையாட்டியதையும் சொன்னேன்.

"வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது பாரம் விழாமல் தலையைத் தூக்கும். வேறொன்றுமில்லை" என்றார் டாக்டர். "லேசாகத் தாங்கினால் கல், முள் இருக்கிறதா என்று பாருங்கள், ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள், ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். தப்பில்லை. லாடம் அடித்த மறுநாள் என்றால் பொறுக்கவே வேண்டாம். குளம்பு சுட்டால், காலை ஊன்றாமல் நின்றால், அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

உப்பு போட்ட வெந்நீர், தவிட்டுக் கட்டு, முழு ஓய்வு. பிழைத்துக்கொள்ளும் என்கிறார். பழைய ஓட்டம் வருமா? இப்போது சொல்ல முடியாதாம். மெல்ல மெல்ல வண்டியில்லாமல் வீட்டுக்கு நடத்தி வந்து சேர்த்தோம்.

மறுவீட்டுக்குச் சரோஜாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வாசலில் ஆரத்தித் தட்டோடு என் மனைவி நின்றாள். மாப்பிள்ளை மட்டும் தட்டுக்கு எதிரே நின்றார். பெண் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டாள். நானும் போனேன். ராணி அவள் முந்தானையில் வெல்லத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குப்பா? வேண்டுதல்னு சாமி பேரச் சொன்னீங்க. நான் ஒண்ணும் வேண்டிக்கல. நீங்க வேண்டிக்குங்க. ராணி நாலு காலையும் நல்லா ஊனுற வரைக்கும் வெள்ளிக்கெழம தோறும் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே வாங்க. செருப்பு கூடாது."

நேற்று போனேன். காட்டுப்பாக்கத்திலிருந்து நசரத்பேட்டைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் வெறுங்கால். பூந்தமல்லியைத் தாண்டியதும் குதிகாலில் ஒரு முள். பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் காலைத் தாங்கித் தாங்கித்தான் போய்ச் சேர்ந்தேன்.

சம்பந்தி இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். வேண்டுதல் என்று சொன்னது பொய் என்பது இதோடு அவருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் நேற்று அவருக்குத் தெரியாது. மருமகளோடு கோயில் வாசலில் நின்றவர் பதறிப்போனார்.

"இன்னா சம்பந்தி, நொண்டிகினு வர்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு நாள் நடந்தா சரியாப் போயிடும்" என்றேன்.

அவருக்குப் பின்னாலிருந்து சரோஜா கேட்டாள்: "மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பட்டுமாப்பா?"