திரேசம்மாள் வீட்டு இலை

தனுஷ்கோடி வண்டி வந்து நின்றபோது மீன் கூடைகளை ஏற்றுவதற்குச் சவரிமுத்துவைக் காணவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தவர், "அண்ணன் படுத்த பாயிலயே போயிட்டாருய்யா" என்றார். பாம்பன் ஸ்டேஷன் மாஸ்டரான என்னோடு ஒன்பது வருடம் வேலை பார்த்த போர்ட்டர் சவரிமுத்து. அன்று கூடைகள் வண்டி ஏறவில்லை.

அடக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னீர்கள். கடலில் செத்த அருளப்பனும் சவரிமுத்துவும் கூட்டாளிகள். அருளப்பனின் தாய் திரேசம்மாள், ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று, மகன் வயதுக்காரரான இவரை அழைத்து, மகனுக்குப் பிடித்த திருக்கை மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். என்ன மனசு அந்தத் தாய்க்கு! மெக்சிக்கோவில் இருந்துவிட்டு வந்த வெள்ளைக்காரச் சாமியார்கூட ஒருமுறை பிரசங்கத்தில் அவளைப் புகழ்ந்தார். அந்த நாட்டிலும் அன்றைக்கு மஞ்சள் பூ பரப்பி, ஆத்துமாக்களுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டுக் காத்திருப்பார்களாம். செத்தவருடைய இடத்தைக் காலியாகவே விடுவார்களாம். திரேசம்மாள் ஏன் காலியாக விடவில்லை என்று சாமியார் யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை.

ஒரு வருடம் அவரோடு நானும் போயிருந்தேன். திரேசம்மாள் சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். "தின்னுலே. அவன் பங்கையும் சேத்துத் தின்னு." அவர் போதும் என்று சொல்லவே இல்லை. இலையை வழித்துத் தின்றுவிட்டு வெளியே வந்தவர், வேலியோரம் குனிந்து அத்தனையும் வாந்தி எடுத்தார். பகலெல்லாம் மீன் சுமந்தாலும் மீனை வாயில் வைக்காத மனிதர். மோரும் ஊறுகாயும்தான் அவர் சாப்பாடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்யா இங்க வந்து தொலைக்கிற?" என்று கத்தினேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கடல்ல எங்க வத்தை கவுந்தன்னைக்குக் கெடைச்சது ஒத்தப் பலகைங்கய்யா. ரெண்டு பேரைத் தாங்கல. அவன் கையப் பிரிச்சு விட்டது நாந்தான். கரையேறுனதும் மொதல்ல அந்தம்மாகிட்டத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கல்லறைத் திருநாளுக்கு வந்து சாப்புடுன்னாக."

அவரைப் புதைத்துப் பத்தாம் நாள் இந்த வருடத் திருநாள் வந்தது. திரேசம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இரண்டு இலை போட்டிருந்தாள். ஒன்றில் திருக்கைக் குழம்பு. மற்றது வெறும் இலை.

"சவரிக்கு என்ன புடிக்கும் தம்பி?"

அந்த வேலியோரத்துக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் மனம் நோகட்டும் என்றே சொன்னேன்: "அவருக்கு மீனே ஆகாது. ஒங்க வீட்டுல தின்னதையெல்லாம் வேலியோரம் கக்கிட்டுத்தான் போனாரு."

"தெரியும்" என்றாள். "மொத வருசமே அடுப்படியில இருந்து பாத்தேன். பாத்துட்டுத்தான் மறுவருசமும் கூப்புட்டேன்."

இதை எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் வேலியோரம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து அவள் அடுப்படி நன்றாகத் தெரிகிறது. வேலியைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கடற்கரை. யார் கண்ணிலும் படாமல் அங்கே போய்க் கக்கியிருக்கலாம். வருடாவருடம் சவரிமுத்து, கடன் கட்டுவதுபோல, அவள் பார்க்கும்படிதான் கக்கினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான்.