கல்லும் சேர்ந்து இறங்கியது

டிப்ளமோ சிவில் முடித்தபோது எனக்கு வேண்டியதெல்லாம் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் காலடியில் சேறும்தான். கிடைத்ததோ போர்ட் பிளேயரில் ஒரு மேசை, மேலே ஒரு மின்விசிறி, எதிரே சரிபார்க்கச் சொல்லிக் குவித்த பில்கள். "லட்கி ஹோ, ஆபீஸ் மே பைட்டோ", பெண்பிள்ளைதானே, ஆபீஸிலேயே இரு என்று உட்கார வைத்துவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு தீவு முழுக்கக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஷாதிபூரில் சிமெண்ட் லாரி போனால் நின்று பார்ப்பேன். வயிறு எரியும்.

வண்டூர்ப் பக்கம், கடல்தண்ணீர் ஏறி இறங்கும் எங்கள் ஊர் ஓடைக்கே ஒரு சிறு பாலம் கட்ட உத்தரவு வந்ததும் நான் விடவில்லை. எங்கள் பெரிய இன்ஜினியர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த வங்காளி. டீ குடிக்கவிடாமல் நச்சரித்ததில், தொல்லை தாங்காமல் என்னை சைட்டுக்கு அனுப்பினார். முதல் நாள் மட்டம் பார்க்கும் லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தேனே, அந்தச் சந்தோஷத்தில் மத்தியானச் சாப்பாடு மறந்தே போனது.

இரண்டாம் நாள்தான் இடித்தது. வரைபடத்தில் எல்லா உயரமும் சாலையோரம் நட்டிருந்த ஓர் அளவுக்கல்லை வைத்துக் கணக்கு. மிகப் பெரிய ஓதம் ஏறும்போதுகூடக் கடல் அந்தக் கல்லுக்கு எவ்வளவு கீழே நிற்கும் என்று எழுதி, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிப் பாலத்தின் தளத்தை வைத்திருந்தார்கள். அழகான கணக்கு, ஆனால் சுனாமிக்கு முந்தைய கணக்கு. சுனாமியைக் கொண்டுவந்த பூகம்பத்தில் எங்கள் பக்கத்துத் தரையே தாழ்ந்துவிட்டது. வயல்களில் உப்புத்தண்ணீர் ஏறி, தென்னைகள் மொட்டையாக நின்றன. தரை இறங்கும்போது கல் மட்டும் அந்தரத்தில் தொங்குமா? கல் இறங்கினால் அதை வைத்துக் கட்டும் பாலமும் அவ்வளவு தாழ்ந்துதான் நிற்கும்.

பெரிய இன்ஜினியரிடம் சொன்னேன். "அரே, பத்தர் கபி ஹில்தா ஹை?" கல் எங்காவது அசையுமா என்று சிரித்தார்.

"ஹிலா நஹி, சார். ஜமீன் கே சாத் நீச்சே கயா." அசையவில்லை, நிலத்தோடு சேர்ந்து கீழே போய்விட்டது என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது, சந்தேகம் நிற்கவில்லை. திங்கட்கிழமை கான்கிரீட் ஊற்ற வேண்டும். அதற்கு முந்தின நாள் பௌர்ணமி. வரைபடப்படி பாலத்தின் தளம் வரவேண்டிய உயரத்தில் ஒரு கம்பத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். பெரிய ஓதம் அதைத் தொட்டால் பாலத்தை உயர்த்தலாம். தொடாவிட்டால் நான் மேசைக்குத் திரும்ப வேண்டும். இந்தப் பேச்சுக்கு அவரும் சரி என்றார், நானும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரில் பாதி ஓடைக்கரையில் கூடிவிட்டது. அம்மாவும் வந்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. சுனாமிக்குப் பிறகு தண்ணீர் பக்கம் வந்தால் அவள் அப்படித்தான் நிற்பாள், ஓடுவதற்கு வசதியாம்.

தண்ணீர் ஏறியது. பெயிண்டுக்கு நான்கு விரல் கீழே வந்து சோம்பேறி மாதிரி நின்றது. பெரிய இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீஸ் மின்விசிறியின் சத்தம் என் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. "ஏறு, ஏறு" என்று வாய்விட்டுக் கத்தினேன். ஓடைமுகத்திலிருந்து இன்னொரு தள்ளு வந்தது. இரண்டு விரல். ஒரு விரல். சிவப்பு மொத்தமாக முங்கிப் போனது!

நான் குதித்த குதியில் சேறு பெரிய இன்ஜினியரின் சட்டை வரை தெறித்தது. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால், பக்கத்தில் அம்மா இல்லை. சாலை மேட்டில் ஏறி நின்றிருந்தாள். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது.

"ஏட்டி, கடலையா வா வான்னு கூப்பிடுத?"

என் குதி அத்தோடு நின்றது. அங்கே கூடியிருந்தவர்களில் தண்ணீர் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டது நான் ஒருத்திதான்.

"எவ்வளவு ஒசத்தப் போற?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஒரு முழம்மா."

"ரெண்டா வையி."

பெரிய இன்ஜினியர் சட்டையைத் துடைத்தபடி, "மா க்யா போலா?" என்று அம்மா சொன்னதைக் கேட்டார். சொன்னேன். அவர் கடலைப் பார்த்தார், மேட்டில் நின்ற அம்மாவைப் பார்த்தார், பிறகு வரைபடத்தை விரித்துத் தன் பேனாவை என்னிடம் நீட்டினார். பழைய உயரத்தை அடித்துவிட்டு, இரண்டு முழத்தை மீட்டராக மாற்றி எழுதினேன்.