நுரைக்கு ஓர் உவமை

நேற்று ஓசூர் ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றபோது, ஆலைக் கழிவின் அழுகல் நாற்றம் ஜன்னல் வழியே வந்து குமட்டியது. அந்த நேரம் பார்த்து, வாசகர் வட்ட இதழுக்காக மொபைலில் தட்டிக்கொண்டிருந்தேன்: 'வெண்பட்டு விரித்தாற்போல் ஆற்று நுரை.' இதே அசிங்கத்தை முன்பும் செய்திருக்கிறோமே என்று சட்டென உறைத்தது.

ஏழாம் வகுப்புக் கட்டுரையில் அந்த நுரையை மல்லிகைக் குவியல் என்று எழுதினேன். உவமை அருமை என்று பரிசே கொடுத்தார்கள். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள், என் பக்கத்தில் உட்காரும் ரத்னாவைத் தவிர. அவள் வீட்டுக் கொத்தமல்லி வயலுக்கு அந்த ஆற்றுத் தண்ணீர்தான் பாயும்.

மறுநாள் டிபன் பாக்ஸில் நுரையை அள்ளிக்கொண்டு வந்தாள். பாதி கரைந்து, அடியில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது.

"மல்லிப்பூன்னு எழுதினியேடி, இந்தா, தலையில வெச்சிக்கோ."

மூக்கைப் பொத்தினேன்.

"இதுக்கேவா? நான் தெனம் இதுல நின்னுதான்டி மடை மாத்தறேன்."

பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கணுக்காலெல்லாம் சீழ்ப்புண். அங்கேயே வாந்தி எடுத்தேன். ஆனாலும் பரிசைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பஸ் கிளம்புவதற்குள் வெண்பட்டு வரியை அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரத்னா வீட்டுக்குப் போகிறேன். நுரை எதைப் போல இருக்கிறதென்று அவள் சொல்லட்டும். அதை மூக்கைப் பொத்தாமல் எழுதிப் பார்க்க வேண்டும்.