முதல் கோப்பை வல்லாரைக் கஞ்சி

என் நாத்தனார் விஜயகலாவைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் போதாது. ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் "இனி எனக்குப் பேர் போடாதீங்க" என்று தோட்டத்துக் கந்தையா கங்காணியிடம் சொல்லிவிட்டு, எட்டியாந்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இலைக்கஞ்சி விற்க உட்கார்ந்துவிட்டாள். சிங்கள ஆட்கள் கொலகெந்த என்பார்களே, அதுதான். சிவப்பரிசி, தேங்காய்ப்பால், வல்லாரைச் சாறு.

எல்லாம் ஒரு சுகாதார வகுப்பு செய்த வேலை. வாழைக்காயை வெட்டி, ஒரு பாதிக்கு மட்டும் தேசிக்காய்ச் சாறு, எலுமிச்சைதான், பூசி வைத்தாராம் வகுப்பு எடுத்த மிஸ். பூசாத பாதி கறுத்துப் போனதாம். உடம்புக்குள்ளேயும் இப்படிக் கெடுதல் நடக்கும், அதைத் தடுக்கிற அன்டிஒக்ஸிடன்ட் வல்லாரையில், கறிவேப்பிலையில் எல்லாம் இருக்கிறது, சாற்றைக் கொதிக்க விடாமல் கடைசியில் ஊற்றுங்கள் என்றாராம். அன்றிலிருந்து இவள் கஞ்சியை இறக்கிய பிறகுதான் சாறு ஊற்றுவாள். வாயில் நுழையாத அந்தப் பெயரைச் சொல்லியே விற்றாள், கெட்டிக்காரி!

ஆனால் முதலில் ஒருவரும் வாங்கவில்லை. "தோட்டத்துப் பொம்பளை எந்த இலையப் பறிச்சுப் போட்டாளோ" என்று அவள் காதுபடவே பேசினார்கள். இவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் பார்க்க ஒரு கோப்பை ஊற்றித் தானே குடித்தாள். அதுவே பழக்கமாகிவிட்டது. முதல் கோப்பை அவளுக்கு, அப்புறந்தான் மற்றவர்களுக்கு.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. காலைப் பெரட்டில், அதாவது கங்காணி பேர் போட்டு வேலை பிரிக்கிற களத்தில், நான் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றேன்.

"நேத்துப் பகல் பத்தாம் நம்பர் மலையில புல்லு மருந்து அடிச்சாச்சு. மாட்டுக்குப் புல்லு கில்லு அறுத்துடாதீங்க" என்றார் கங்காணி.

எனக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் கலா கூடை நிறைய வல்லாரையோடு வந்து, "பத்தாம் நம்பர் தண்ணிக் கான்ல எப்படிச் செழிச்சுக் கிடக்கு பாருங்க அண்ணி" என்று காட்டியிருந்தாள். புல்லைக் கொல்கிற அந்த மருந்து பட்ட இலை உடனே வாடாது. சில நாள் பச்சையாகவே நின்றுதான் கருகும். பெரட்டுக்கு வருகிறவர்களுக்கு மருந்து எங்கே என்று தெரியும். பேரை வெட்டிக்கொண்டு போனவளுக்கு யார் சொல்வது? பாழாய்ப்போன தோட்டத்தில் ஒரு பலகை நட்டால் குறைந்தா போய்விடும்?

போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கஞ்சி ஊற்றுகிற நேரம் அவள் போனைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். எங்கள் தோட்டத்து சசியின் ஆட்டோவில் ஏறி விழுந்தேன்.

"மெதுவாப் போனா உன்னைக் கொன்னுடுவேன்டா!"

வழியெல்லாம் றம்ஸியா டீச்சர் முகந்தான். பிள்ளைத்தாய்ச்சி. தினமும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கோப்பை குடிப்பவர். கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

நான் போய் இறங்கும்போது டீச்சரின் கோப்பை உதட்டருகில் இருந்தது. பாய்ந்து தட்டிவிட்டேன். கஞ்சி அவர் அபாயாவெல்லாம் சிந்தியது.

"அல்லாஹ்வே! என்ன இது?"

"அண்ணி! பைத்தியமா புடிச்சிருக்கு?" கலா கத்தினாள்.

"பத்தாம் நம்பர்ல மருந்து அடிச்சிருக்காங்கடி. நேத்துப் பகல்."

 கலா பானையைத் தூக்கி அப்படியே ரோட்டோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள்.

"டீச்சர், நீங்க ஒரு வாய்கூடக் குடிக்கலைதானே? வேற யாராச்சும்?" என்று கேட்டேன்.

"இல்ல. இப்பத்தானே கலா திறந்தாங்க."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. சிரித்துக்கூட இருப்பேன். கலா சிரிக்கவில்லை. கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருந்த தன் கோப்பையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அடியில் பச்சை ஒட்டியிருந்தது.

"குடிச்சிட்டியா?"

"எப்பவும் நான்தானே அண்ணி மொதல்ல."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அழுதுகொண்டே. அவள் என் மடியில் தலை வைத்து, "டீச்சர் குடிக்கலைதானே?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். வார்டில் வைத்திருந்து, இரத்தம் சோதித்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். எனக்குத்தான் அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை.

அடுத்த கிழமை காலைப் பெரட்டில் பார்த்தால், கலா கடைசி வரிசையில் கூடையோடு நிற்கிறாள். கந்தையா கங்காணிக்குச் சிரிப்பு.

"என்ன கலா, வியாபாரம் போதுமா? பேர் போடவா?"

"வேணாங்கண்ணே. எந்த மலையில மருந்துன்னு சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

கங்காணி சிரிப்பை நிறுத்தினார். அன்றைக்கு ஆட்களின் பேரைக் கூப்பிடுவதற்கு முன்னால், மருந்து அடிக்கப்போகிற மலைகளைச் சத்தமாகச் சொன்னார்.