மாமாவுக்குத் தெரிந்த ஜெர்மன்

எங்கள் மாமாவுக்கு ஜெர்மன் தெரியும் என்று திருவரங்குளம் முழுக்கக் கிளப்பிவிட்டது நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா, துபாய் வேலை போய் எங்கள் வீட்டுக்கு வந்தவர், உள்ளறையில் கணினி முன்னால் உட்கார்ந்து ஜெர்மன் புத்தகங்களை அச்சுக்குக் கோத்துக்கொண்டிருந்தார். புத்தகமே செய்கிறவருக்கு மொழி தெரியாமலா இருக்கும்?

தெரியாது. சிக்கலே அதுதான். அச்சில் எஃப் எழுத்தும் எல் எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாகிவிடும். இரண்டு சொற்கள் சேர்ந்த ஜெர்மன் சொல்லில், சேருமிடத்தில் அப்படி ஒட்டக்கூடாதாம். மாமா கணினியே தானாகப் பிரிக்கும்படி மேக்ரோ என்று ஒரு குட்டி நிரல் எழுதி, கண்ட இடத்திலெல்லாம் பிரித்துத் தள்ளிவிட்டார். ஒட்ட வேண்டியதையும் பிரித்திருக்கிறீர்கள் என்று புத்தகம் திரும்பி வந்தது. திங்கட்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் இந்த வேலையும் இல்லை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் சிவன் கோயில் வாசலில், நடை திறக்கக் காத்திருந்த ஒரு ஜெர்மன்காரம்மாவைச் சுற்றிக் கூட்டம். நான் வீட்டுக்கு ஓடினேன்.

“மாமா, ஒங்க ஜெர்மன் ஆளு வந்திருக்காங்க, வாங்க!”

மாமா மாட்டேன் என்றார். அம்மா இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “அவங்கள்ட்டயே கேட்டுட்டு வாடா.”

கோயில் வாசலில் மாமா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் விடவில்லை. “இங்கிலீஷு யாருக்குங்க வேணும்? ஜெர்மன்ல எடுத்து விடுங்க தம்பி.”

மாமா வியர்த்துப்போய், திரும்பி வந்த புத்தகத்தில் பார்த்த ஒரு சொல்லைச் சொன்னார்: “அவுஃப்லாகே.” பதிப்பு என்று பொருளாம். திகைத்த அந்த அம்மா, மாமா ஆங்கிலத்தில் விளக்கியதும் சிரித்துவிட்டார். குத்துக்காலிட்டு மணலில் அதை எழுதி, எஃப்புக்கும் எல்லுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தார். பிறகு கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “ஃப்ளாஷே” என்று அதையும் எழுதினார். அது ஒற்றைச் சொல், கோடு கிடையாது. மாமா தன் போனிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் காட்டக் காட்ட, நடை திறக்கும்வரை அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. என் மானம் தப்பியது.

திரும்பும்போது டீக்கடையில் மாமா எனக்கு பஜ்ஜி வாங்கித் தந்து, தானும் நின்று ஊர்க்காரர்களோடு வெகுநேரம் பேசினார். வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை நிலைத்ததே என்ற சந்தோஷம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஆனால் வேலை நிலைத்த சேதி மறுநாள்தான் வந்தது. துபாயிலிருந்து வந்த நாள் முதல் அந்த ஞாயிறுவரை மாமா வாசற்படி தாண்டியதே இல்லை என்பது, கூடவே இருந்த எனக்குத் தெரியவே இல்லை.